மூக்குக்குள் பல் முளைப்பது எப்படி?

மாதக்கணக்கில் ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொண்டு துர்நாற்றத்தோடு சளி வடிந்ததாம், ஸ்கேன் எடுத்தால் உள்ளே பல் இருக்கிறதாம், இதெல்லாம் நடக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். மேல்தாடைக்கு நேர் மேலே மூக்கின் தரை, பக்கவாட்டில் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்று அறை. நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு.

பல் எலும்பை முட்டிக்கொண்டு வெளியே வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் வழி திறப்பது பல்லைச் சுற்றியிருக்கும் சவ்வுப் பை. 1980களில் மார்க்ஸ், கேஹில் என்ற இரு ஆய்வாளர்கள், நாய்களின் தாடைக்குள் வளர்ந்துகொண்டிருந்த பல்லை எடுத்துவிட்டு, பையை மட்டும் விட்டு, அதற்குள் போலிப் பல்லை வைத்தார்கள். உயிரில்லாத அந்தப் போலிப் பல்லும் ஈறுக்கு வெளியே வந்தது! பையை எடுத்துவிட்டால் நிஜப் பல்லே வரவில்லை. பையின் மேல்பாதி எலும்பை அரிக்கும் செல்களை வரவழைக்கிறது, கீழ்ப்பாதி பல்லுக்கு அடியில் புது எலும்பு வளரச் செய்கிறது. ஆக, பல்லின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பாதை திறக்கும். மேல் முன்பற்களுக்கு நடுவில் சிலருக்கு உருவாகும் கூடுதல் பல் பல நேரம் தலைகீழாக இருக்கும். அது மேல்நோக்கிப் போனால் மூக்கில்தான் எட்டிப் பார்க்கும். இதில் தோஷமும் இல்லை, சாபமும் இல்லை. உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல் இந்த மாதிரி அடிப்படை ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எடுப்பது எப்படி? சிடி ஸ்கேனில் பளீர் வெள்ளையாக, நடுவில் பற்கூழ் என்ற மென்மையான திசு இருக்கும் இடம் மட்டும் கருப்பாகத் தெரியும். மயக்க மருந்து கொடுத்து, 4 மில்லிமீட்டர் தடிமன்கூட மீறாத எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்) நாசித்துளை வழியாக விட்டு, பல்லை மூடியிருக்கும் வீங்கிய சதையை விலக்கி, இடுக்கியால் பிடித்து, மெல்ல அசைத்து எடுத்துவிடுவார்கள். பல் சைனஸுக்குள் இருந்தால், மூக்குக்குள் திறக்கும் அதன் இயற்கையான வாசலையே பெரிதாக்கி, சாய்வாகப் பார்க்கும் எண்டோஸ்கோப்பால் தேடுவார்கள். அந்த வாசலையே தேர்ந்தெடுக்க நல்ல காரணம் உண்டு: உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் சளியை எப்போதும் அந்த வாசலை நோக்கித்தான் தள்ளும், வேறெங்கே ஓட்டை போட்டாலும் அவை திசை மாறுவதில்லை. 1890களில் கால்டுவெல், லூக் ஆகியோர் கொண்டுவந்த பழைய முறையில் மேலுதட்டுக்கு அடியில் கீறி, கன்னத்து எலும்பில் துளை போட வேண்டும். அப்புறம் கன்னம் வீங்கும், சிலருக்கு மரத்தும் போகும்.

ஆனாலும் பல் எலும்பில் ஆழமாகப் புதைந்திருந்தாலோ, எண்டோஸ்கோப் எட்டாத மூலையில் இருந்தாலோ இன்றும் வாய் வழியாகத்தான் போக வேண்டும். சிறு குழந்தை என்றால், அவசரம் இல்லாதபோது, பக்கத்து நிரந்தரப் பற்களின் வேர் வளர்ந்து முடியட்டும் என்று மருத்துவர் காத்திருக்கச் சொல்வதும் உண்டு.