முதலாண்டு மதிப்பெண் எங்கும் போய்விடாது

"முதல் வருஷம்தானே சார், கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும். இரண்டாம் ஆண்டில் பிடித்துக்கொள்வான்." இந்த வாரம் இதைச் சொன்னவர் மாணவர் அல்லர், ஒரு மாணவரின் தந்தை. சீனியர்கள் பரப்பும் கதை இப்போது வீடு வரை போய்விட்டது. மாணவர் ஆலோசகராக இருக்கிற எனக்கு, முதலாண்டு முடியும் நேரத்தில் இதைவிட எரிச்சலூட்டும் வாக்கியம் வேறில்லை.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். பத்துக்குக் கணக்கிடும் முறை, எட்டுப் பருவங்கள், எல்லாப் பருவத்துக்கும் ஒரே அளவு கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் எடை) என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பருவங்களிலும் உங்கள் சராசரி 6. படிப்பு முடியும்போது 8 வேண்டும் என்றால், மிச்சமுள்ள ஆறு பருவங்களிலும் சராசரியாக 8.67 எடுக்க வேண்டும். எட்டு அல்ல, எட்டேமுக்காலுக்குப் பக்கம். மூன்றாம் பருவத்தையும் அதே ஆறில் ஓட்டிவிட்டால், அடுத்த ஐந்துக்கும் 9.2 தேவை. எளிதான பாடங்களில் ஆறு எடுத்தவர், கடினமான பாடங்களில் ஒன்பதுக்கு மேல் எடுப்பாராம்! ஆலோசகர் வேலையில் பாதி நேரம் பெருக்கலும் வகுத்தலும் சொல்லிக்கொடுப்பதிலேயே கழிகிறது.

முதலாண்டு மதிப்பெண்ணை இறுதித் தகுதிக்குச் சேர்க்காத இடங்களும் உண்டுதான். பிரிட்டனில் பல படிப்புகளில் அப்படித்தான். உங்கள் பல்கலைக்கழகம் அந்த வகையா என்பதை ஒழுங்குமுறைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். சீனியரிடம் கேட்காதீர்கள்.

மதிப்பெண்ணையே விட்டுவிடுவோம். முதலாண்டுக் கணிதம் அடுத்த ஆண்டு வேறு பெயரில் வந்து நிற்கும். ஆகவே தயவுசெய்து, விடுதி அறையைக் காலி செய்யும் உற்சாகத்தில் நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார்: மறந்துபோனதுபோல் தோன்றுவதையும் மறுமுறை கற்கும்போது நேரம் குறைவாகவே பிடிக்கிறது. உங்கள் கையெழுத்தில், உங்கள் அடிக்கோடுகளோடு இருக்கும் நோட்டு அந்த நேரத்தை இன்னும் குறைக்கும்.

விடைத்தாளைப் பார்க்க வாய்ப்பிருந்தால் பாருங்கள். தோற்ற பாடத்தின் தாளை மட்டும் அல்ல, ஐம்பதுகளில் தப்பித்த பாடத்தின் தாளையும். முழுப் பக்கம் கணக்குப் போட்டிருப்பீர்கள், நான்காம் வரியில் ஒரு கழித்தல் குறி கூட்டலாக மாறியிருக்கும், அதற்குக் கீழே எல்லாமே வீண். வேறொரு பக்கத்தில் கேள்வி 'ஒப்பிடுக' என்றிருக்கும், நீங்கள் ஒன்றை மட்டும் விவரித்து நிறுத்தியிருப்பீர்கள். இவற்றில் எது உங்கள் நோய் என்று தெரியாமல் 'அடுத்த முறை நன்றாகப் படிக்கிறேன்' என்பது வெறும் பேச்சு. தாளோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு வாதாடுவதற்காக அல்ல. நான்காம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும்போதுதான் உங்கள் முகத்தை முதன்முறையாகப் பார்க்கிற ஆசிரியரால் என்ன எழுத முடியும்?

விடுமுறையில் நாள் முழுக்கப் படிக்கச் சொல்லவில்லை, தூங்குங்கள். ஆனால் பலவீனமான ஒரு பாடத்தை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் நடத்திய ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்களோ நினைவுகூர்ந்து எழுதியவர்கள். மஞ்சள் பேனாவால் மறுபடி கோடு போடுவதை இனியாவது நிறுத்துங்கள்.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள். நிலுவை இருந்தால் பல கல்லூரிகளில் தேர்வு முடிவையே நிறுத்தி வைப்பார்கள்.

கடைசியாக, இந்தத் துறையே எனக்கு ஒத்துவரவில்லை என்று ஆண்டு முழுக்க மனத்துக்குள் புழுங்கியவர்களுக்கு. ஒரு பாடத்தில் தோற்றதும் துறை பிடிக்காமல் போனதும் ஒன்றல்ல. எது உங்களுடையது என்று தனியாக அமர்ந்து முடிவுகட்ட வேண்டாம், ஆலோசகரிடம் வந்து பேசுங்கள். மதிப்பெண் பட்டியல் இல்லாமலும் வரலாம். துறை மாற அனுமதிக்கும் கல்லூரிகள் பலவற்றில் அந்த விண்ணப்பம் முதலாண்டு முடிவை ஒட்டியே பெறப்படும், பிறகு கதவு மூடிவிடும். கடைசித் தேதி எது என்று அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.