பள்ளி மறுப்பு: மடியா, பயமா?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஒரு பிள்ளை காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதால், பக்கத்து வீட்டு மலையாளிகள் ‘ஸ்கூளில் போகான் மடி’ என்பார்கள். கேட்டுக் கேட்டு இங்கே தமிழ் பேசும் நாமும் அதையே சொல்கிறோம். மலையாளத்தில் மடி என்பது சோம்பல் மட்டுமல்ல, தயக்கமும்தான். தமிழில் அது சோம்பல். குறளின் 61ஆம் அதிகாரமே ‘மடியின்மை’. ஆக, நம் வாயில் வரும்போது பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைத்துவிடுகிறது.

மட்டம் போடுவதும் இதுவும் வேறு. மட்டம் போடுகிறவன் வீட்டுக்குத் தெரியாமல் ஊர் சுற்றுவான். இந்தப் பிள்ளையோ வீட்டை விட்டு நகராது, பெற்றோர் கண்முன்னேயே தவிக்கும். 1932இல் பிராட்வின் என்பவர் இதைத் தனி வகையாக எழுதினார். 1941இல் மனநல மருத்துவர் அடிலெய்டு ஜான்சனும் அவர் குழுவினரும் ‘ஸ்கூல் ஃபோபியா’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘ஃபோபோஸ்’ என்றால் அச்சம். தமிழில் பள்ளி அச்சம் என்றும் பள்ளி வெருளி என்றும் சொல்லலாம்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பயம் பள்ளியின் மேல் இல்லை. அம்மாவை விட்டுப் பிரிவது, சக மாணவரின் கேலி, பரீட்சை, எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத சங்கடம் என்று காரணம் மாறும். எல்லையோரத்தில் இன்னொன்றும் சேரலாம்: தமிழ்வழியில் படித்த பிள்ளையை மலையாளவழிக்கோ ஆங்கிலவழிக்கோ மாற்றினால், புரியாததைக் கேட்கக்கூட வார்த்தை இருக்காது. காரணம் இப்படிப் பலவாக இருப்பதால்தான் பின்னாளில் ‘ஸ்கூல் ரெஃபியூசல்’, அதாவது பள்ளி மறுப்பு, என்ற பெயர் பரவலானது. இது தனி நோயின் பெயர் அல்ல. பதற்றமோ மனச்சோர்வோ பின்னால் இருக்கலாம்.

‘மறுப்பு’ கொஞ்சம் திமிராக ஒலிக்கிறது என்பது என் குறை. போக ஆசைப்பட்டும் கால் எழாத பிள்ளைக்குப் ‘பள்ளித் தவிப்பு’ பொருந்தும். மருத்துவரிடம் பேசும்போது ‘பள்ளி மறுப்பு’ என்றே சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

திங்கட்கிழமையும் ஓண விடுமுறை முடிந்த மறுநாளும் வயிற்றுவலி வரும், பத்து மணிக்குப் போய்விடும். நடிப்பு என்று அடிக்க வேண்டாம். பதற்றத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். முதலில் உடம்பைப் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் டீச்சரிடம் பேசி, முதலில் ஒரு பீரியட், பிறகு அரைநாள் என்று பள்ளியில் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வீட்டில் இருக்கும் நாள் நீள நீள, திரும்பப் போவது கடினமாகும்.