கம்யூட்டேஷன்: கடனா, தொகுப்பு ஓய்வூதியமா?

"கம்யூட்டேஷன் கடன் இன்னும் ஆறு வருஷம் ஓடணும்." ஓய்வூதியர் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு தவறாமல் காதில் விழுகிறது. அச்சுக்கு வரும்போது அதுவே 'ஓய்வூதியக் கடன் பிடித்தம்' ஆகிறது. கொஞ்சம் கற்றவர்கள் எழுதினால் 'தொகுப்பு ஓய்வூதியம்' என்கிறார்கள். இரண்டும் பிழை. முதலாவது பிழை பணத்தையே பறிக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். மாதந்தோறும் வரவேண்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான பணத்தை ஓய்வுபெறும்போதே மொத்தமாக வாங்கிக்கொள்வது கம்யூட்டேஷன். தமிழ்நாட்டு அரசு ஊழியர் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வாங்கலாம். நடுவணரசு ஊழியர் 40 விழுக்காடு வரை. வேர் இலத்தீன். 'மூத்தாரே' என்றால் மாற்றுதல், முன்னே 'கொம்' சேர்ந்து 'ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றுதல்' என்றாயிற்று. தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றுவதற்கும், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நாள்தோறும் போய்வருவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆகவே கணினி மொழிபெயர்ப்பில் 'ஓய்வூதியக் குறைப்பு' என்றும் 'ஓய்வூதியப் பயணம்' என்றும் வந்து விழுகிறது. இதை விட்டுவிடலாம், படிக்கிறவருக்கே தவறு என்று தெரிந்துவிடும். தவறென்று தெரியாமல் நிலைத்துவிட்ட சொற்களே தொல்லை.

கணக்கைப் பார்த்தால் சொல் தெளியும். ஓய்வூதியம் ரூ. 30,000 என்று கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு ரூ. 10,000. இதை 12ஆல் பெருக்கி, வயதுக்குரிய பெருக்கெண்ணால் மீண்டும் பெருக்க வேண்டும். நடுவணரசு அட்டவணையில் 60க்கு 8.287, 61க்கு 8.194, 62க்கு 8.093. இங்கே வயது என்பது அடுத்த பிறந்தநாளில் நிறையும் வயது. 60 முடிந்து ஓய்வுபெறுகிறவருக்கு 61க்குரிய எண்ணே பொருந்தும். பலர் 60க்குரியதைப் போட்டு ரூ. 9,94,440 எதிர்பார்க்கிறார்கள், வருவது ரூ. 9,83,280. ரூ. 11,160 குறைந்துவிட்டதென்று கருவூலத்தில் சண்டைக்கு நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். (இந்த எண்ணைக் 'காரணி' என்று எழுதுவதும் எனக்கு ஒப்பில்லை. பள்ளிக் கணக்கில் காரணி என்பது ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பது. இங்கே நடப்பது பெருக்கல். 'பெருக்கெண்' என்றால் எவருக்கும் விளங்கும்.)

பணம் கைக்கு வந்தபின் மாத ஓய்வூதியம் ரூ. 20,000 ஆகும். ஆனால் அகவிலைப்படி ரூ. 30,000க்கே கணக்கிடப்படும். 15 ஆண்டுகள் கழிந்ததும் மாதம் ரூ. 30,000 மீண்டும் முழுதாக வரும்.

இந்தப் '15 ஆண்டுகள்'தான் கடன் என்ற எண்ணத்தை விதைத்தது. இந்த விதி வருவதற்கு முன்பு ஒருமுறை விட்டுக்கொடுத்தால் ஆயுள் முழுதும் விட்டதுதான். அதனால்தான் பழைய தலைமுறை 'பென்ஷனை வித்துட்டேன்' என்றது. அன்றைய நிலைக்கு அது சரியான சொல், விற்ற நிலம் திரும்பி வராது. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 1987இல் நடுவணரசு ஆணை பிறப்பித்தது. 15 ஆண்டுகளில் முழு ஓய்வூதியம் திரும்பும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது. (கேரளத்தில் இது 12 ஆண்டு.) விற்றது திரும்பி வரத் தொடங்கியதும் 'வித்துட்டேன்' பொருந்தாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில் 'கடன்' வந்து உட்கார்ந்துகொண்டது.

கடன் என்றால் அசல் உண்டு, வட்டி உண்டு, முன்கூட்டியே கட்டி முடிக்கும் உரிமை உண்டு, வாங்கினவர் இறந்தாலும் நிலுவை உண்டு. இங்கே இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? கையில் பணமிருக்கிறதென்று ஐந்தாம் ஆண்டில் மீதியைக் கட்டி முழு ஓய்வூதியத்தைத் திரும்பப் பெற முடியாது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஒருவர் மூன்றே ஆண்டில் இறந்துவிட்டால், அவர் விட்டுக்கொடுத்தது ரூ. 3,60,000, அரசு தந்தது ரூ. 9,83,280. மீதி ரூ. 6,23,280ஐ யாரும் கேட்க முடியாது. மனைவிக்கோ கணவருக்கோ வரும் குடும்ப ஓய்வூதியத்திலும் இதற்காக ஒரு ரூபாய்கூடக் குறையாது. 15 ஆண்டும் வாழ்ந்தவர் விட்டுக்கொடுப்பதோ ரூ. 18,00,000. இடையில் இறப்பவரால் வரும் இழப்பு இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கடனில் அப்படி எதுவும் அடங்காது.

வெறும் சொல் தானே என்று கேட்பவர்களுக்கு இரண்டு விளைவுகளைச் சொல்கிறேன். ஒன்று, இறந்தவரின் குடும்பம். 'அப்பாவுக்குப் பென்ஷன் கடன் பாக்கி இருக்கு' என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள், குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால் பாக்கியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அஞ்சித் தள்ளிப்போடுகிறார்கள். அந்த மாதங்களில் தாய் கைச்செலவுக்கே பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறார்.

இரண்டு, வருமான வரி. அரசு ஊழியர் கம்யூட்டேஷனாகப் பெறும் மொத்தப் பணத்துக்கு வருமான வரிச் சட்டம் முழு விலக்குத் தந்திருக்கிறது. அதன்பின் மாதந்தோறும் வரிக்கு உட்படுவது எஞ்சிய ரூ. 20,000மும் அகவிலைப்படியுமே. ஆனால் அதைக் கடன் என்று நினைக்கிறவர் ரூ. 30,000ஐ வருமானமாகக் காட்டி, ரூ. 10,000ஐ வீட்டுக்கடன் தவணைபோலச் செலவில் எழுதிக்கொள்கிறார். கடன் தவணையால் வருமானம் குறையாது அல்லவா? ஆக, ஆண்டுக்கு ரூ. 1,20,000 வராத வருமானத்துக்கு வரிக்கணக்குப் போடுகிறார். ஒரு சொல் செய்யும் வேலை இது.

இனி 'தொகுப்பு ஓய்வூதியம்'. இதை எழுதுகிறவர்களுக்குத் தமிழ்ப்பற்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத் தமிழில் 'தொகுப்பூதியம்' என்ற சொல் ஏற்கெனவே வேறொன்றுக்கு ஊன்றிவிட்டது. காலமுறை ஊதியம் இல்லாமல், படிகள் இல்லாமல், மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகத் தருவது தொகுப்பூதியம். தற்காலிக ஆசிரியரும் கணினி இயக்குநரும் அதை ஒழிக்கச் சொல்லிப் போராடுகிறார்கள். 'தொகுப்பு ஓய்வூதியம்' என்றதும் அத்தகைய பணியாளருக்குத் தரும் ஏதோ ஒரு சிறு ஓய்வூதியம் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். அவர்மேல் குற்றமில்லை.

இலக்கணமும் இடறுகிறது. இது தொகைநிலைத் தொடர். உருபு மறைந்து நிற்கிறது. விரித்தால் 'தொகுப்பாகிய ஓய்வூதியம்' என்று வரும். ஆனால் கம்யூட்டேஷன் பணம் ஓய்வூதியமே அன்று. மாதந்தோறும் வந்தால்தான் அது ஓய்வூதியம். மொத்தமாக மாறிய கணத்தில் அந்தத் தன்மை போய்விடுகிறது; அதனால்தான் அதற்கு வரியும் வேறு. போன பெயரையே மறுபடி ஒட்டவைப்பது பொருளைக் கெடுப்பது.

'ஓய்வூதிய ஒப்படைப்பு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது ஒவ்வோர் ஊழியருக்கும் பழக்கமான செயல். ஓய்வுபெறும் மாதத்தில் விடுப்புப் பணம், பணிக்கொடை, சேமநல நிதி, கம்யூட்டேஷன் என நான்கும் அடுத்தடுத்து வரும். நான்கில் இரண்டுக்கு 'ஒப்படைப்பு' என்று பெயரிட்டால் எது வந்தது, எது வரவில்லை என்று எப்படிப் பிரித்தறிவது?

சரியான தொடர் அரசாணைத் தமிழிலேயே பல காலமாக இருக்கிறது: 'ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுதல்'. இதில் வினை இருக்கிறது, யார் பெறுகிறார் என்பது தெரிகிறது. 'தொகு' என்ற வேரிலிருந்து 'தொகை' பிறக்கிறது, 'வகு'விலிருந்து 'வகை' பிறப்பதுபோல. தொகுத்துப் பெற்றால் தொகையாகத்தானே கிடைக்கும்? 'ஊதியம்' என்பதும் வள்ளுவர் 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்ற இடத்தில் முதலிலிருந்து விளையும் பேறு. ஊதியமாக வருவதை முதலாகத் திருப்பி வாங்குவதே இங்கே நடக்கிறது என்பதை இந்த இரு சொற்களும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. நீளமாக இருக்கிறதென்று சுருக்கியவர்கள், வினையை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சுருக்கம் வேண்டுமென்றால் 'தொகுத்துப்பெறல்' என்று ஒரே சொல்லாக எழுதலாம். மாதம் குறையும் பகுதிக்குத் 'தொகுத்த பகுதி', மீதிக்கு 'எஞ்சிய ஓய்வூதியம்'. 'பிடித்தம்' என்ற சொல்லை இந்த இடத்துக்குக் கொண்டுவரவே கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கும் முன் விதியைத் திறப்பதில்லை. என் மனக்குறை அதுதான். நடுவணரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வுபெறும்போது மொத்தமாக ஒரு தொகை தருகிறார்கள். ஒவ்வோர் ஆறு மாதப் பணிக்கும் மாத ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்கு. அதனால் மாத ஓய்வூதியம் குறைவதில்லை. அதையும் 'கம்யூட்டேஷன் தொகை' என்று எழுதுகிறார்கள். ஓய்வூதியத்தில் எதையும் விட்டுக்கொடுக்காதபோது அங்கே தொகுத்துப்பெறல் ஏது? பணிக்கொடையை அப்படி எழுதுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

முழு ஓய்வூதியம் திரும்புவதற்கும் ஒழுங்கான பெயர் வேண்டும். 'கடன் முடிந்தது' என்று சொல்லிச் சொல்லி, எப்போது முடிகிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள். 15 ஆண்டு ஓய்வுபெற்ற நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. ஓய்வூதியம் குறையத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தொகை தாமதமாக வந்தவருக்கு இந்த இரண்டு நாளும் வேறுவேறு. ஊதியக் குழுவின் திருத்தத்தால் ஓய்வூதியம் பின்னர் உயர்ந்து, கூடுதல் பகுதியையும் தொகுத்துப் பெற்றிருந்தால் அதற்குத் தனியாக 15 ஆண்டு. வங்கி மாறினால், ஊர் மாறினால், முதல் தொகை வழங்கிய நாள் புதிய பதிவேட்டில் ஏறாமல் போவதுண்டு. அப்போது திருப்பித் தருவது தானாக நடக்காது. பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தில் அந்த நாளைப் பார்த்து வைத்துக்கொண்டு, 15 ஆண்டு நிறைந்த அடுத்த மாதச் சீட்டில் 'தொகுத்த பகுதி' சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சேராவிட்டால், தொகை வரவான நாளைக் காட்டும் பழைய வங்கிப் புத்தகப் பக்கத்தின் நகலோடு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். விண்ணப்பத்தில் 'தொகுத்துப் பெற்ற ஓய்வூதியப் பகுதியை மீள வழங்குதல்' என்று பொருள் குறித்தால் போதும்.