குட்டிகளின் ரத்தக் கழிச்சலும் சல்பா மருந்தும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆட்டுக்குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டால், பலரும் முதலில் தேடுவது குடற்புழு மருந்தைத்தான். அல்பெண்டசோல் ஊற்றியும் நிற்கவில்லை என்று நாலாம் நாள் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது ரத்தக் கழிச்சலாக இருந்தால் நிற்காது. ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான எய்மீரியா புழு இனமே இல்லை. குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் ஓரணு ஒட்டுண்ணி அது.

மூன்று வாரம் முதல் ஐந்தாறு மாதம் வரையுள்ள குட்டிகள்தான் அதிகம் மாட்டும். பெரிய ஆடு நன்றாகவே மேயும், ஆனால் அதன் புழுக்கையில் இந்த ஒட்டுண்ணியின் முட்டை போன்ற நோய்க்கரு வெளியேறிக்கொண்டே இருக்கும். குட்டியின் வால்புறம் நனைந்து ஒட்டியிருக்கும், முக்கும், பால் குடிக்காது. ரத்தம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கன்றுகளில் ரத்தம் தெளிவாகத் தெரியும், வெள்ளாட்டுக் குட்டிகளில் பல சமயம் தெரியவே தெரியாது. கூடவே காய்ச்சல், வாய்ப்புண், மூக்குச் சளி இருந்தால் ஆட்டுக்கொல்லி என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸைச் சல்பா மருந்து தொடாது. அதனால் புதிய புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தக் கழிச்சல் என்று உறுதியானால் சல்ஃபாடிமிடின் போன்ற சல்பா மருந்து நன்றாக வேலை செய்யும். ஒட்டுண்ணி தனக்கான ஃபோலிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சல்பா அந்தத் தயாரிப்பை முடக்கும். ஆட்டின் செல்கள் ஃபோலிக் அமிலத்தை வெளியிலிருந்து பெறுவதால் தப்பித்துக்கொள்ளும். ஆனால் மருந்து பெருக்கத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சிதைந்த குடல் ஆற நாளாகும். மறுநாளே கழிச்சல் நிற்கவில்லை என்று வேறு மருந்துக்குத் தாவுவதும், நின்றுவிட்டது என்று பாதியில் விடுவதும் இரண்டுமே தப்பு. வழக்கமாக முதல் நாள் இரட்டை அளவு, அப்புறம் சில நாள் அதில் பாதி. குட்டியைத் தராசில் எடை போட்டு மருந்தளவைக் கணக்கிடுங்கள். கண்ணளவு எடை பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. கழிச்சலில் வற்றிப்போன குட்டிக்குச் சல்பாவை மட்டும் ஊற்றினால், மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து சிறுநீர் அடைக்கலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொடுங்கள். கண் குழி விழுந்து, எழ முடியாமல் கிடந்தால் முதலில் டாக்டர் நரம்பில் திரவம் ஏற்றட்டும்.

கொட்டகையில் பினாயில் தெளிப்பதில் பெரிய பலன் இல்லை, இந்த நோய்க்கரு அதற்கெல்லாம் அசையாது. ஈரம் போய் வெயில் பட வேண்டும். தீவனத் தொட்டியைப் புழுக்கை விழாத உயரத்தில் வையுங்கள், குட்டிகளைத் தனியாக அடையுங்கள். வசதி இருந்தால் பரண் கொட்டகை நல்லது.

மருந்து கொடுத்த ஆட்டின் பாலையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று மருந்து அட்டையில் அச்சிட்டிருக்கும். சந்தைக்கு ஓட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.