பழைய ராலே சைக்கிளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து ராலே கம்பெனியின் பழைய சைக்கிள் ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது ஃபிரேம் நம்பரைத்தான். ஆனால் அந்த எண்கள் வருஷ வரிசையில் ஒழுங்காக ஓடியவை அல்ல, அதை மட்டும் பார்த்து வருஷம் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மூன்று கியர் வண்டி என்றால் பின்சக்கரத்தின் நடுவில் கியர் இருக்கும் குடத்தை, அதாவது ஹப்பைப் பாருங்கள். எண்ணெயும் மண்ணும் இறுகிப்போன கறுப்பை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்து எடுத்தால் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கியர் ஹப்பின் பிராண்டு பெயர், ஏடபிள்யூ என்ற மாடல் எழுத்து, பக்கத்தில் 58, 3 என்பதுபோல எண்கள் தெரியும். முதல் எண் வருஷம், அடுத்தது மாதம்; அதாவது 1958 மார்ச்சில் நாட்டிங்காமில் செய்த ஹப். எண் அழிந்திருந்தாலும் ஏடபிள்யூ 1936-இல்தான் வந்தது என்பதால் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

சரி, அது ஹப்பின் வயது, வண்டியின் வயதா? சக்கரத்தையே யாராவது மாற்றியிருக்கலாம். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்னால் 40 என்பது வழக்கம். 1950களின் வண்டி என்று சொல்லி இரண்டிலும் 36 இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் முலாம். 1920கள் வரை பெரும்பாலும் நிக்கல், லேசான மஞ்சள் சாயலோடு இருக்கும், காற்றுப் பட்டு மங்கிவிடும். 1930களில் பரவிய குரோமியம் நீலச் சாயல் அடிக்கும், மேலே தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் அதை மங்காமல் காக்கிறது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் குரோமுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பளபளக்க வேண்டிய பாகங்களுக்கும் கறுப்புப் பெயின்ட்தான்.

எங்கே செய்தது என்பதில்தான் வண்டியின் முன்னால் பெயர் பொறித்த தகடு, அதாவது பேட்ஜ், நன்றாக ஏமாற்றும். மற்ற பிரிட்டிஷ் சைக்கிள் பெயர்களான ஹம்பர் 1932-இலும் ரட்ஜ் 1943-இலும் பிஎஸ்ஏ சைக்கிள் 1957-இலும் ராலே கைக்குப் போய்விட்டன, பெயர் மட்டும் அப்படியே தொடர்ந்தது. பெடல் அச்சு உட்காரும் கப்பைக் கழற்றி மரையை அதை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அங்குலத்துக்கு 24 மரை, ராலேக்கு மட்டும் தனி வழி, 26. பிஎஸ்ஏ பேட்ஜுக்கு அடியில் 26 மரை இருந்தால் அது அநேகமாக 1957-க்குப் பிறகு நாட்டிங்காமில் பிறந்த வண்டி.

நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பெயர்களிலேயே இங்கும் வண்டி செய்தார்கள்: மேற்கு வங்கத்து அசன்சோலில் சென்-ராலே கம்பெனி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்த டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி. 'அசல் இங்கிலாந்து வண்டி சார்' என்று விலையை ஏற்றினால், பேட்ஜில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.