மோர்ஸுக்குப் பட்டா கேட்பதா, அகலத்துக்கு வரப்பு கேட்பதா?

40 மீட்டர் பேண்ட் என்ற ஷார்ட்வேவ் அலைவரிசைப் பகுதியில் 7.000 முதல் 7.040 மெகாஹெர்ட்ஸ் வரை சி.டபிள்யூ., அதாவது மோர்ஸுக்கான இடம் என்றுதான் ஹாம்கள் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) பேசிக்கொள்வது. ஐரோப்பா, ஆப்பிரிக்காவை உள்ளடக்கிய முதல் மண்டலத்தின் பேண்ட் பிளானும் (எந்த அலைவரிசை எதற்கு என்ற பட்டியல்) அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பேண்ட் பிளான் என்பது சங்கங்கள் கூடி எழுதிய ஒப்பந்தம். அனுபவ பாத்தியதை மாதிரி, பட்டா அல்ல.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், மோர்ஸ் ஓடும் இடத்தில் கணினி வழி டேட்டா வரலாமா என்ற சண்டை அங்கேதான் அதிகம். மோர்ஸுக்கு மட்டும் என்று அந்நாட்டு விதி ஒதுக்கியிருப்பவை இரண்டே துண்டுகள்: 50.0–50.1, 144.0–144.1 மெகாஹெர்ட்ஸ். கூட்டம் நெரிகிற ஷார்ட்வேவில் ஒன்றுமில்லை. அங்கே 7.000–7.125 முழுவதும் மோர்ஸும் டேட்டாவும் கூட்டுக்குடித்தனம்.

டேட்டா பெருகாமல் தடுத்தது 1980-இல் வந்த 300 பாட் (விநாடிக்கு 300 குறி) வேக வரம்பு. அதை நீக்கக் கோரி 2013-இல் அமெரிக்க ஹாம் சங்கமே மனு கொடுத்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 2023 நவம்பரில் வரம்பு போய், 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்ற எல்லை வந்தது. பழைய விதி கேலிக்குரியதாகத்தான் இருந்தது: அகலத்துக்கு உச்சவரம்பு வைக்காமல் வேகத்தை மட்டும் கட்டியது. ஆனால் புதிய எல்லை, ஷார்ட்வேவில் ஹாம்கள் பேசும் எஸ்.எஸ்.பி. முறையில் ஒரு குரலின் அகலம். மோர்ஸ்காரர்களின் கலக்கம் அதில்தான்.

கணக்கு இது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் மோர்ஸ் எடுக்கும் இடம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ். 200 ஹெர்ட்ஸ் இடைவெளி விட்டாலும் 2.8 கிலோஹெர்ட்ஸில் பதினான்கு உரையாடல் நடக்கும். 2400 ஹெர்ட்ஸ் ஃபில்டரை 250-க்குக் குறுக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 10 டெசிபெல் குறையும். எதிர்முனையில் 10 வாட்டை 100 ஆக்கியதற்குச் சமம். பக்கத்தில் இன்னொரு மோர்ஸ் வந்தால் இந்த ஃபில்டரே அதை ஒதுக்கிவிடும். மேலே அகலமான டேட்டா வந்து உட்கார்ந்தால் எந்த ஃபில்டரும் உதவாது, அது இரைச்சலாகவே உள்ளே வரும்.

ரேடியோ வழியே மின்னஞ்சல் வாங்கி அனுப்பும் தானியங்கி மெயில்பாக்ஸ் நிலையங்கள் தனித் தலைவலி. அழைப்பவர் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழைக்கிறார். அவர் ஊரில் அலைவரிசை காலி. ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெயில்பாக்ஸின் பக்கத்தில் இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஸ்கிப் (அலை வானில் பட்டுத் தாவி, இடையிலுள்ள ஊர்களைத் தாண்டிப் போவது) காரணமாக அழைப்பவருக்கு அது கேட்காது. அலைவரிசை காலியா என்று பார்க்கும் வசதியை மெயில்பாக்ஸ் நடத்துபவர் அணைத்து வைத்திருந்தால் கதை முடிந்தது, அது கேட்டுப் பார்க்காமல் பதில் சொல்லிவிடும்.

இதைவிட அடிக்கடி நடப்பது டயல் தவறு. 40 மீட்டரில் குரல் எல்.எஸ்.பி. (எஸ்.எஸ்.பி.யின் கீழ்ப்பக்க வகை); டயல் காட்டும் எண்ணுக்குக் கீழேதான் குரல் பரவும். டயலை 7.042-இல் வைத்துப் பேசினால் 7.039 வரை இறங்கி மோர்ஸ் பகுதிக்குள் கால் வைக்கும். அதனால்தான் முதல் மண்டலத்தில் எல்.எஸ்.பி.க்குக் குறைந்தபட்ச டயல் 7.053 என்று குறித்திருக்கிறார்கள்.

கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் டேட்டா முறையான எஃப்.டி.8 வெறும் 50 ஹெர்ட்ஸ். இயல்பில் நல்ல அண்டைவீட்டுக்காரன். ஒலி அளவைக் கூட்டி ஏ.எல்.சி. (ஒலி மிகுந்தால் ஆற்றலைத் தானே கட்டுப்படுத்தும் சுற்று) முள்ளை அசைய விட்டால்தான் கெடுகிறது: 500 ஹெர்ட்ஸ் தொனி 1000, 1500-இலும் பேய்போல் எழும். மென்பொருளில் ஸ்ப்ளிட் அமைப்பை இயக்கினால் தொனி 1500–2000-க்குள் நிற்கும். அதன் மடங்குகளை டிரான்ஸ்மிட்டர் ஃபில்டரே வெட்டிவிடும். பிறகு ஏ.எல்.சி. முள் எழாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள்.

மோர்ஸ்காரர்களும் யோக்கியர்கள் அல்ல. கீ அழுத்தும்போது சிக்னல் எழ 5 மில்லிசெகண்டாவது ஆக வேண்டும். அதை 1-க்கு இறக்கினால் 'டிக் டிக்' என்று பல நூறு ஹெர்ட்ஸுக்கு அப்பாலும் இடிக்கும். பல ரிக்குகளின் (ரேடியோப் பெட்டிகளின்) மெனுவில் எழுச்சி நேரம் என்ற அமைப்பு இருக்கும், போய்ப் பாருங்கள். அழைப்பதற்கு முன் 'கியூ.ஆர்.எல்.?' (இங்கே யாராவது இருக்கிறார்களா?) என்று இருமுறை அனுப்பிக் காத்திருங்கள். ஐந்து விநாடி போதாது. ஒரு பக்கம் மட்டுமே உங்களுக்குக் கேட்கும் உரையாடலில் அரை நிமிட மௌனம் சாதாரணம்.

மோர்ஸ் தேர்வே போய்விட்டதே, பிறகென்ன தனி இடம் என்று கேட்பார்கள். 2003 உலக ரேடியோ மாநாடு தேர்வை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது, அமெரிக்கா 2007-இல் கைவிட்டது. தேர்வு ஆளைப் பற்றியது, இடம் அகலத்தைப் பற்றியது. இரண்டையும் குழப்ப வேண்டாம். 'மோர்ஸுக்கு மட்டும்' என்ற கோரிக்கையும் நிற்காது, ஏனென்றால் புள்ளியும் கோடும் போடுபவர்களுக்கு எதற்குச் சலுகை என்ற கேள்விக்குப் பொறியியல் பதில் இல்லை. '500 ஹெர்ட்ஸுக்கு மேல் அகலமானது இங்கே வராதே' என்பதற்குப் பதில் இருக்கிறது. முன்மாதிரியும் இருக்கிறது: 30 மீட்டர் பேண்ட், 10.100–10.150, மொத்தமே 50 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்காவில் அங்கே குரலுக்குச் சட்டப்படியே இடமில்லை, ஆற்றலும் 200 வாட்டோடு சரி. அங்கே மோர்ஸும் எஃப்.டி.8-உம் பத்துக் கிலோஹெர்ட்ஸ் கூட இல்லாத தூரத்தில் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.