அடக்கம் என்று நாம் பெயர் வைத்த அச்சம்

"பையன் ரொம்ப அடக்கம் மேடம், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான்" என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தார். பொறியியல் முதலாண்டு படிக்கும் மகன், கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி ஒரு மாதமாகப் பேருந்து நிலையத்திலேயே மாலை வரை உட்கார்ந்திருந்தது, வருகைப்பதிவு குறைந்து கல்லூரியிலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தனியே பேசியபோது அவன் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். முதல் நாள் வகுப்பில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஆறு வரிகள்; ஒவ்வொரு சொல்லின் மேலும் உச்சரிப்பைத் தமிழில் பென்சிலால் குறித்திருந்தான். தன் முறை வந்தபோது பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பள்ளியிலேயே முதலாவதாக வந்தவன் அவன். ஒரு கோடை விடுமுறைக்குள் அறிவு குறைந்துவிடாது, மாறியது அளவுகோல். தம் திறமையை அளக்க வேறு வழி இல்லாதபோது மனிதர்கள் அருகிலிருப்பவரோடு ஒப்பிட்டே அளக்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. உழைத்துப் பெற்ற அந்த இடத்தையே "கோட்டாவில் வந்தவன்" என்ற ஒரு சொல் இரவல் வாங்கியதுபோல் ஆக்கிவிடுவதை என் அறையில் ஆலோசனைக்கு வரும் மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

இந்தத் தாழ்வு மனப்பான்மையைத் தக்கவைப்பது, தப்பித்துக்கொள்வதில் கிடைக்கும் நிம்மதி. வகுப்புக்குப் போகாத நாளில் படபடப்பு அடங்குகிறது; போகாததால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது; போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் "கூச்சப்படாதே, தைரியமாகப் பேசு" என்ற அறிவுரை பலிப்பதில்லை. அதைச் செய்ய முடியாமல் போவதும் இன்னொரு தோல்வியாகச் சேர்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை, தயவுசெய்து, இன்றே நிறுத்துங்கள்.

உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவனிடம் சொன்னேன். சங்கடப்படுத்தும் படம் போட்ட டி-சர்ட்டோடு அறைக்குள் சென்ற மாணவர்கள், அங்கிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டானே தவிர நம்பவில்லை. ஆகவே ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன்: இடப்பக்கத்தில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறான், வலப்பக்கத்தில் என்ன நடந்தது. முதல் வாரம், ஓர் ஆசிரியரிடம் தனியே, தமிழிலேயே ஒரு சந்தேகம் கேட்பது மட்டும்.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

ஐந்தாவது வாரம் அவன் நோட்டை என் மேசைமேல் வைத்தான். ஆய்வக வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவு, இடப்பக்கத்தில் "எல்லாரும் சிரிப்பார்கள்" என்று எழுதியிருந்தான். வலப்பக்கத்தில்: "இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவன் சாயங்காலம் என் ரெக்கார்டு நோட்டை வாங்கிப்போனான்."